பதினாலாம் போத்தல்

பதினாலாம் இலக்கப் போத்தல் மட்டும் அணையவில்லை.

அலுமாரியின் கீழ்த்தட்டில் இருபத்திரண்டு சின்னப் போத்தல்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்குள்ளும் குருநகர்க் கடல்நீர். எல்லாவற்றுக்குள்ளும் ஒளிர வேண்டிய சிலிக்கன் துணிக்கைகள். ஊதாக்கதிர் விளக்கைப் பிடித்தால் இருபத்தொரு போத்தல்கள் நாள்பட்ட மீனின் கண்ணைப் போல வெளிறிக் கிடந்தன. பதினாலு மட்டும் நேற்றுத்தான் செய்தது போலப் பச்சையாக எரிந்தது. அதைச் செய்து நாற்பத்தொரு நாள்.

“அண்ணை, ஓடி வாங்கோ!” என்று நிவேதனா கத்திய கத்தலில், அலுமாரிக்குள் பாம்பு என்றுதான் நினைத்தேன். வீடு கூட்டும் தும்புத்தடியோடு போய் நின்றேன்.

“என்னத்துக்குத் தும்புத்தடி?”

“அடிக்கத்தான். எங்கை அது?”

“உதை வைச்சிட்டு இதைப் பாருங்கோ,” என்று என் தலையைப் பிடித்து அலுமாரிக்குள் திணித்தாள். படித்த பிள்ளை, அமைதியான பிள்ளை, அன்றைக்குத்தான் என் தலையில் கைவைத்தாள்.

விடயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிலிக்கன் என்பது மணலுக்குச் சொந்தக்காரன். அதைச் சின்னதாக்கி, இன்னும் சின்னதாக்கி, ஒரு தலைமயிரின் தடிப்பில் இருபதினாயிரம் துணிக்கைகளை அடுக்கலாம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் அதற்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. ஊதாக்கதிரை வாங்கிக்கொண்டு பச்சை வெளிச்சத்தைத் திருப்பித் தரும். கொடுக்கல் வாங்கலில் நேர்மையான ஆள். அதை ஒரு சிற்றுயிரின் வயிற்றுக்குள் அனுப்பினால், எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். வழக்கமான சாயங்கள் நுணுக்குக்காட்டியின் வெளிச்சத்தில் சில நிமிடங்களில் வெளுத்துவிடும். கட்மியம் கலந்தவை வெளுக்காது, ஆனால் பார்க்கப் போன உயிரையே கொன்றுவிடும். சிலிக்கன் வெளுக்காது, கொல்லாது. அதற்கு இருந்த ஒரே நோய் உப்புத்தண்ணீர். கடல்நீருக்குள் விட்டால் மூன்று நாளில் ஒன்றோடொன்று ஒட்டி, திரண்டு, அடியில் படிந்து இருண்டுபோகும்.

எங்களுக்கோ கடல்நீருக்குள்ளேதான் வேலை. குருநகரில் கடலட்டைக் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கும் சிமியோன் என்பவருக்காகச் செய்யும் ஆய்வு அது. கடலட்டையை எங்கள் ஆட்கள் பிடிப்பார்கள், அவிப்பார்கள், காயப்போடுவார்கள், வாயில் மட்டும் வைக்கமாட்டார்கள். அந்தப் பங்கைச் சீனாக்காரர் பார்த்துக்கொள்கிறார்கள். முட்டையிலிருந்து வரும் குடம்பிகள் இரண்டாம் கிழமையில் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகும். தின்னாமல் சாகின்றனவா, தின்றும் சாகின்றனவா என்று சிமியோனுக்குத் தெரியாது. ஊசிமுனை அளவுப் பிராணியின் வாயைத் திறந்து பார்க்க முடியாதே. அதற்குத் தீனியாகக் கொடுக்கும் பாசிக்குள் இந்தத் துணிக்கையை ஏற்றிவிட்டால், வயிறு பச்சையாகத் தெரிந்தால் தின்றிருக்கிறது, தெரியாவிட்டால் பட்டினி. இவ்வளவுதான் நிவேதனாவின் ஆய்வு. இந்த ‘இவ்வளவுதான்’ அவளுடைய இரண்டரை வருடத்தை விழுங்கியிருந்தது.

எங்கள் ஆய்வு நிலையம் வட்டுக்கோட்டைக்குப் போகும் வீதியில், லண்டனில் இருக்கும் ஒருவரின் மாடிவீட்டில் நடக்கிறது. அவர் சமைக்கக் கட்டிய குசினிதான் எங்கள் ஆய்வுகூடம். நான் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர், பெயர் கிறிஸ்ரோபர். பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணச் சந்தைக்குள், அம்மா மார்கிரட்டின் சரக்குக் கடையில், மிளகுக்கும் சீரகத்துக்கும் நடுவில். எங்கள் வீட்டில் பூசைக்குப் போகும் நேரத்தைக்கூடப் பேரம் பேசித்தான் முடிவெடுப்பார்கள். அம்மா ஆறு மணி என்பார், ஐயா எட்டு மணி என்பார், ஏழுக்குப் போய்ச் சேருவோம். ஏழு மணிக்குப் பூசையே இல்லை.

நிவேதனா கொக்குவில் பிள்ளை. தசமதானத்துக்குப் பிறகு நாலு இலக்கம் எழுதாமல் அவளுக்குத் தண்ணீரும் இறங்காது. அவளுடைய செய்முறை, சிலேன் என்ற சிலிக்கன் திரவத்தையும் இன்னும் இரண்டு பொருட்களையும் குடுவையில் சேர்த்து இரண்டு மணித்தியாலம் சூடாக்குவது. அதோடு சீனியைச் சங்கிலியாகக் கோத்தது போன்ற ஒரு வெள்ளை மா, டெக்ஸ்ட்ரன் என்று பெயர், 0.8000 கிராம். துணிக்கைகளுக்குச் சட்டை போட்டுவிடுவதற்காக அது.

எல்லாப் போத்தலையும் அவள்தான் செய்தாள், பதினாலைத் தவிர. அன்றைக்கு அவர்களுடைய குடும்ப நேர்த்திக்காகத் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலில் நின்றாள். பதினேழு வரியில் செய்முறையை எழுதி என் மேசையில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். நான் செய்தேன். அது அணையவில்லை.

அந்த மகிழ்ச்சி ஒரு கிழமை இருந்தது. கனகாம்பிகை மிஸ் எங்கள் ஆய்வுகளுக்குத் தலைவி, கலாநிதி, சிரிப்பை ஆண்டறிக்கைக்காகச் சேமித்து வைப்பவர். அவரே விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ம்” என்றார். அவருடைய ‘ம்’முக்கு எங்கள் வீட்டில் என்றால் பட்டாசு கொளுத்தியிருப்பார்கள்.

பிறகு நிவேதனா அதைத் திரும்பச் செய்யத் தொடங்கினாள். இருபத்திமூன்று, மூன்றாம் நாள் அணைந்தது. இருபத்திநாலு, இருபத்தைந்து, அதே கதை. இருபத்தாறாவதுக்கு நல்ல நாள் பார்த்தாள். இருபத்தேழுக்கு என் மேசையில், என் கரண்டியால், என் கதிரையில் இருந்தே செய்தாள். மூன்றாம் நாள் வெளிறிப்போனது.

மிஸ் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“கிறிஸ்ரோபர், அண்டைக்கு நீர் என்ன செய்தனீர்?”

“கடதாசியிலை இருந்தபடிதான் மிஸ்.”

“ஒரு எழுத்தும் பிசகாமலோ?”

“ஒரு எழுத்தும் பிசகாமல்.”

பொய் சொல்லவில்லை. எனக்கே தெரியாததை நான் எப்படிப் பொய்யாகச் சொல்ல முடியும்?

மிஸ் நிவேதனாவின் பக்கம் திரும்பினார். “ஒருக்கா நடந்தது விஞ்ஞானம் இல்லைப் பிள்ளை, அதிட்டம். மழை தொடங்கினா கடல்தண்ணியிலை உப்புக் குறைஞ்சிடும், சிமியோன் பேந்து மாசிக்குத்தான் குஞ்சு பொரிப்பார். மார்கழியோடை உம்மடை பதிவு முடியுது. மழைக்கு முதல் பதினாலை இன்னொருக்காச் செய்து காட்டும். இல்லாட்டில் அந்த அத்தியாயத்தை வெட்டும்.”

பதினாலில் மிஞ்சியிருந்தது நாலு மில்லிலீற்றர். அதை வைத்து ஒரு தட்டுக் குடம்பிக்குக்கூடத் தீனி போட முடியாது. அத்தியாயத்தை வெட்டினால் கையில் இருப்பது வெளிச்சங்கள் அணைந்த கதை மட்டும். அதற்குப் பட்டம் கொடுக்கும் ஊர் இன்னும் கட்டப்படவில்லை.

வெளியே வந்து நிவேதனா படியில் இருந்தாள். நான் போய் இரண்டு பேருக்கும் பிளேன்ரீ ஊற்றினேன். அவளுடைய கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி நீட்டினேன்.

அவளுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. “ஏன் அண்ணை எப்பவும் உப்பிடிச் செய்யிறனீங்கள்?”

“என்னத்தை?”

“ரெண்டு கரண்டி எண்டு சொன்னால் ரெண்டு கரண்டி போட்டுக் கலக்கிறியள். பேந்து தரேக்கை மேலை ஒரு கிள்ளு. ஒவ்வொரு நாளும். அது உள்ளை விழுறேல்லை, விளிம்பிலை கிடக்குது.”

அந்தக் கோப்பையைப் பார்த்தேன். நாலைந்து சீனிக் கற்கள் விளிம்பில் மினுங்கின. என் வலக்கையின் மூன்று விரல்களிலும் சீனி ஒட்டியிருந்தது.

சந்தையில் நிறுத்ததை நிறுத்தபடி கட்டிக் கொடுத்தால் வாங்குகிறவரின் முகம் சுண்டிப்போகும். மறுநாள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் நிறுத்து, கடதாசிச் சரையில் போட்டு, நீட்டும் நேரத்தில் மூன்று விரலால் மேலே ஒரு கிள்ளு போடவேண்டும். அவர் கேட்க முதல் போடவேண்டும், போட்டதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. ஏழு வயதிலிருந்து செய்தது. கை என்னைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டது.

பதினாலுக்கும் போட்டிருக்கிறேன். நினைவில்லை, ஆனால் போடாமல் இருந்திருக்க வழியில்லை.

நல்ல மனிதன் என்றால் அந்த நிமிடமே சொல்லியிருப்பான். நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. உண்மையை உடனே மேசையில் வைப்பதில்லை, முதலில் சுற்றிப் பார்ப்பேன். ஆய்வுகூடத்தில் எழுதாமல் ஒன்றைச் சேர்ப்பது, கடையில் படிக்கல்லைக் குடைவது போன்றது. மிஸ்ஸுக்கு முன்னால் ‘ஒரு எழுத்தும் பிசகாமல்’ என்று வேறு சொல்லிவிட்டேன். ஆகவே ஒரு கெட்டித்தனம் செய்தேன். அடுத்த முறை, இருபத்தெட்டுக்கு, அவள் டெக்ஸ்ட்ரனை நிறுத்துக் கடதாசியில் வைத்துவிட்டுத் தொலைபேசிக்குப் போன நேரத்தில், ஒரு கிள்ளைச் சேர்த்துவிட்டேன். அது ஒளிர்ந்தால் எல்லாருக்கும் நல்லது, யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்பது கணக்கு.

இருபத்தெட்டு மூன்றாம் நாள்வரைகூடத் தாங்கவில்லை. மறுநாளே வடித்த கஞ்சி போலக் கலங்கிப்போனது.

நிவேதனா அந்தப் போத்தலைக் கழுவவும் இல்லை. தொலைபேசியைக் கையில் எடுத்தாள். “சிமியோன் அண்ணைக்குச் சொல்லப்போறன். எனக்காக முட்டை எடுக்கவேண்டாம் எண்டு.”

“கொஞ்சம் இரும்,” என்றேன்.

“என்ன?”

“ஒரு விசயம் சொன்னால் கோவிக்கமாட்டீரோ?”

“சொல்லுங்கோ. பேந்து பாப்பம்.”

“இல்லை, முதல்லை ஒரு இணக்கத்துக்கு வருவம். நான் சொல்லுறன். நீர் அரைவாசி கோவியும். மிச்சத்தை...”

“அண்ணை!”

சொன்னேன். பிளேன்ரீயில் தொடங்கி, பதினாலுக்குப் போய், இருபத்தெட்டில் முடித்தேன். அவள் தொலைபேசியைக் கீழே வைத்தாள். நான் எதிர்பார்த்தது அழுகை, அல்லது மிஸ்ஸின் அறைக் கதவு. அவள் அந்தக் கலங்கிய போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இருபத்தெட்டையும் நீங்கள்தான் பழுதாக்கினதோ?”

“ஓம்.”

“மழைக்கு எட்டு நாள்தான் இருக்கெண்டு தெரிஞ்சும்.”

“ஓம், தங்கச்சி.”

மேசைக்குப் போனாள். ஆய்வுக் கொப்பியை எடுத்து, இருபத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து, பேனையோடு என் முன்னால் வைத்தாள். “எழுதுங்கோ. உங்கடை கையாலை. பேந்து பதினாலாம் பக்கத்திலையும் எழுதுங்கோ.”

எழுதினேன். பதினாலாம் பக்கத்தில் ‘அளவு தெரியாது, நேரம் தெரியாது’ என்று போட்டேன். அவள் என் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்தவள், அந்த வரியில் நின்றாள்.

“நேரம் தெரியாது,” என்று மெல்லச் சொன்னாள். “இருபத்தெட்டுக்குச் சூடாக்க முதல் போட்டனீங்கள், கஞ்சியாப் போச்சு. பதினாலுக்கு எப்ப போட்டனீங்கள்?”

“தெரிஞ்சால் எழுதமாட்டனோ?”

“கைக்குத் தெரியும் எல்லோ?”

“கையைக் கேட்டனான். அது இப்ப வெக்கப்படுது.”

உண்மைதான். குடுவையைப் பிடித்துப் பாவனை செய்து பார்த்தேன். கை என்னைப் பார்த்தது, நான் கையைப் பார்த்தேன், இரண்டு பேரும் அசையவில்லை. நடக்கும்போது எந்தக் காலை முதல் வைக்கிறோம் என்று யோசித்தால் வரும் தடுமாற்றம்.

அப்போதுதான் அவள், நான் என் ஆயுளுக்கும் மறக்காத வேலையைச் செய்தாள். தன்னுடைய தொலைபேசியை அலுமாரித் தட்டில், என் கைகளைப் பார்க்கிற மாதிரிப் படம் பிடிக்க வைத்தாள். கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டாள்.

“இப்ப இருபத்தொன்பதை நீங்கள் செய்யுங்கோ. கையைப் பார்க்காதேங்கோ. என்னைப் பாருங்கோ. நான் உங்கடை கடைக்கு மிளகு வாங்க வந்த ஆள்.”

“விசர்க்கதை.”

“இது நல்ல மிளகோ? பாக்க அப்பிடித் தெரியேல்லை.”

எனக்குச் சுருக்கென்றது. நடிப்பு என்று தெரியும், ஆனாலும் எங்கள் மிளகைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதில்லை. “பாக்க வேண்டாம், கடிச்சுப் பாரும்,” என்றேன், மாவை நிறுத்துக்கொண்டே.

“அங்காலைக் கடையிலை குறைச்சுத் தருகினம்.”

“அப்ப அங்கையே வாங்குமன்! அவன்ரை மிளகிலை பாதி பப்பாக் கொட்டை.”

நிறுத்ததைக் குடுவையில் கொட்டினேன். சூடேற்றியில் வைத்தேன். அவள் விடவில்லை. கொக்குவில் பிள்ளைக்குப் பேரம் பேசவே தெரியாது. முதல் கால் மணித்தியாலத்தில் இரண்டு தரம் தானே விலையைக் கூட்டினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். சீரகத்துக்குப் போனாள், கொத்தமல்லியில் மண் என்றாள், என் தராசு சரிந்து நிற்கிறது என்றாள், ‘உங்கடை அம்மா இருந்தால் எனக்குத் தருவா, உங்களுக்கு மனமில்லை’ என்றாள். இரண்டு மணித்தியாலம் ஒரு ஆள் கால் கிலோ மிளகுக்குப் பேரம் பேசியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு உண்மையாகவே கோபம் ஏறிவிட்டது.

மணி அடித்தது. குடுவையைத் துணியால் பிடித்து இறக்கினேன்.

“கடைசி விலை,” என்றாள்.

“கடைசி விலை முதல்லையே சொல்லியாச்சு. இந்தாரும், கொண்டுபோய்ச் சேரும்,” என்று நீட்டினேன். நீட்டும்போதே பக்கத்தில் திறந்திருந்த மாப் போத்தலுக்குள் மூன்று விரல் போய், கிள்ளி, குடுவைக்குள் உதறி, சரையைக் குலுக்குவது போலக் குடுவையை ஒரு சுழற்றுச் சுழற்றியது.

“அந்தா!” என்று அவள் கதிரையிலிருந்து துள்ளினாள்.

நான் என் கையைப் பார்த்தேன். அது ஒன்றும் அறியாத பிள்ளை போல நின்றது.

படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அவள் கடதாசியில் வட்டம் வட்டமாகக் கீறி விளங்கப்படுத்தினாள். “துணிக்கை உருவாகேக்கை கூடப் போட்டால் இந்த மா நடுவிலை போய்ச் சிக்குப்படுது, அதுதான் கஞ்சி. எல்லாம் உருவாகி முடிஞ்சு, சூடு ஆற முதல் போட்டால் வெளியிலை மட்டும் ஒட்டுது. போர்வை மாதிரி. உப்புக் கிட்ட வரேலாது. நான் எவ்வளவு போடுறதெண்டுதான் யோசிச்சனான். எப்ப போடுறதெண்டு யோசிக்கேல்லை.”

“அப்ப நான் செய்தது சரியோ?”

“நீங்கள் செய்தது பிழை. நல்ல பிழை. எழுதாத பிழை.” பிறகு பலன்ஸ் என்ற நுண்தராசைத் திறந்து ஒரு வெற்றுக் கடதாசியை வைத்தாள். “இதிலை கிள்ளிப் போடுங்கோ. முப்பது தரம்.”

முப்பது தரம் போட்டேன். ஒவ்வொரு தரமும் ஏதாவது கேட்டு என் கவனத்தைக் கலைத்தாள். ஆகக் குறைந்தது 0.29 கிராம், ஆகக் கூடியது 0.33. நடுவில் 0.31. அவள் அந்த எண்களைப் பார்த்த பார்வையில், இரண்டு மணித்தியாலம் பேரம் பேசியபோது இல்லாத ஒரு மரியாதை இருந்தது.

அதற்குப் பிறகு என் கைக்கு வேலை இல்லை. முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு ஆகிய மூன்றையும் அவளே செய்தாள். 0.3100 கிராம், பலன்சில் நிறுத்து, சூட்டிலிருந்து இறக்கி ஒரு நிமிடத்துக்குள். கடல்நீரில் விட்டு அலுமாரியில் வைத்தாள். நான் வீட்டுக்குப் போய் மாதாவிடம் ஒரு பேரம் பேசினேன். மெழுகுதிரி எத்தனை என்பதில் மட்டும் இணக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் மூன்றும், கூடவே இருபத்தொன்பதும், ஒளிர்ந்தன. ஐந்தாம் நாளும் ஒளிர்ந்தன. அன்றைக்கு மிஸ்ஸிடம் போனோம். நான்தான் சொன்னேன். நிவேதனா சொல்கிறேன் என்றாள், விடவில்லை.

மிஸ் பதினாலாம் பக்கத்தை வாசித்தார். இருபத்தெட்டாம் பக்கத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“கையுறை போட்டிருந்தனீரோ?”

“ஓம் மிஸ்.”

“அதாலைதான் நீர் இன்னும் இஞ்சை நிக்கிறீர்.” கண்ணாடியைத் திரும்பப் போட்டார். “பன்னிரண்டு வருசமா வேலை செய்யிறீர். இதுக்கு முதல் ஆர் ஆருக்கு உப்பிடிப் போட்டனீர்?”

அந்தக் கேள்வி எனக்கு முன்பே வந்திருந்தது. பிள்ளைகள் தாங்களே செய்தவற்றில் என் கை படவில்லை. நானே முடித்துக் கொடுத்தவை மூன்று. மூன்று பேருக்கும் கடிதம் எழுதச் சொன்னார், எழுதினேன். ஒருத்தி, தன்னுடையதில் அது எதையும் மாற்றியிருக்காது என்று கணக்கோடு பதில் போட்டாள். இரண்டாமவர் இன்னும் பதில் போடவில்லை. கனடாவில் இருக்கும் யதுசன் மட்டும் ஒரே வரியில், ‘அண்ணை, அதுதானோ!’ என்று எழுதியிருந்தான். அந்த ஆச்சரியக்குறியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

மிஸ் கடைசியாக முப்பது கிள்ளுகளின் அட்டவணையை எடுத்தார். அதை வெகுநேரம் பார்த்தார்.

“உம்மடை விரலுக்கு ஆர் அளவு பாத்துக் குடுத்தது?”

“சந்தைச் சனம் மிஸ். கூடப் போட்டால் அம்மா பாப்பா. குறையப் போட்டால் வாங்கிற ஆள் பாப்பார்.”

மிஸ் அந்த வருடத்துக்குரிய சிரிப்பை அங்கேயே செலவழித்தார். “அத்தியாயம் இருக்கட்டும்,” என்றார் நிவேதனாவிடம். “சிமியோனுக்கு முட்டை எடுக்கச் சொல்லும். கிறிஸ்ரோபர், இனிமேல் இந்த அறைக்குள்ளை உம்மடை கையாலை ஆருக்கும் சீனியும் போடக் கூடாது.”

சிமியோன் குடம்பிகளைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்தார். பார்த்தால் வெறும் தண்ணீர். நிவேதனா, துணிக்கை ஏற்றிய பாசியை அதற்குள் விட்டு, ஒரு மணித்தியாலம் பொறுத்து, கழுவி, ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். யன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டோம். முதலில் அவள் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழும்பி சிமியோனுக்கு இடம் விட்டாள்.

பெரிய உடம்புக்காரர் குனிந்து கண்ணை வைத்தார். அப்படியே நின்றார்.

“தின்னுது,” என்றார். “அறுவார், தின்னுறாங்கள்! வயிறு முழுக்கப் பச்சை! நான் ரெண்டு வருசமா, தீனி காணாதெண்டு கூடக் கூடக் கொட்டினன்.”

“தின்னிறதுக்குக் குறைவில்லை அண்ணை,” என்றாள் நிவேதனா. “தீனியை இனிக் கூட்டவேண்டாம். தண்ணி பழுதாகிறதும் அதாலையாக இருக்கலாம்.”

“அப்ப ஏன் சாகுதுகள்?”

“அது அடுத்த ஆய்வு.”

“அதை ஆர் செய்யிறது?”

“பட்டம் கிடைச்சால் நான்தான்.”

என் முறை வந்தபோது நான் பார்த்தேன். கண்ணாடி போன்ற ஒரு சின்ன உடம்பு, ஓரமெல்லாம் வளைந்து வளைந்து, துடித்துக்கொண்டு. நடுவில் வயிறு, பதினாலாம் போத்தலின் அதே பச்சை. நுணுக்குக்காட்டியின் வெளிச்சம் அதன் மேல் பத்து நிமிடமாக விழுந்துகொண்டிருந்தது, வெளுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது. ஊதாக்கதிர் என்று சொல்லிச் சமாளித்தேன். ஊதாக்கதிர் கண் வைக்கும் பக்கம் வராது என்பது அறையிலிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

மழை எட்டு நாள் பிந்தி வந்தது. நிவேதனா மார்கழி இரண்டாம் கிழமையில் ஆய்வேட்டைக் கொடுத்தாள். நன்றியுரையில் முதலில் சந்நிதி முருகன், பிறகு மிஸ், பிறகு சிமியோன், பிறகு நான். என்னைப் பற்றி, ‘பதினாலாம் பக்கத்தைத் தன் கையால் திருத்தி எழுதியவர்’ என்று இருந்தது. கிள்ளைப் பற்றி ஒரு சொல் இல்லை, அது செய்முறைப் பகுதியில் 0.3100 கிராமாக இருக்கிறது. கண்டுபிடித்தவன் என்று எழுதியிருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும், ஆனால் அது பொய். எழுதியவன் என்று எழுதினாள். இருபத்தெட்டைப் பழுதாக்கியவன் என்றும் எழுதியிருக்கலாம், அதுவும் உண்மை. அந்த இரண்டில் எதைத் தெரிவு செய்தாள் என்பதற்கு நான் அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு வார்த்தை பழக்கவில்லை, மிளகுதான் பழக்கியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் கதை முழுவதையும் சொன்னேன். அவருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. “மேலை போடுறதை ஆரும் எழுதுவினமே?” என்றார். இரண்டு தரம் கேட்டார். பிறகு நூறு கிராம் நல்ல மிளகு நிறுத்து, சரை சுற்றி, “அந்தப் பிள்ளைக்குக் குடு. என்ரை மிளகைப் பற்றி என்னவோ சொன்னவளாம்,” என்றார்.

நிவேதனா அதை வாங்கினாள். மணந்து பார்த்தாள். பழக்கம் விடாதே, நேரே பலன்சுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். கடதாசியின் எடையைக் கழித்தாள். எண் நூறைத் தாண்டி ஏறி, ஆடி, நின்றது.

பேனையைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

பிறகு பேனையை மூடி, சரையை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.